வடசென்னையில் ஹைபிரிட் கார்: வாங்குமுன் போட வேண்டிய கணக்கும் வாங்கியபின் பழக வேண்டிய முறைகளும்

ராயபுரத்திலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ நாள்தோறும் காரில் வேலைக்குச் செல்பவருக்குத் தம் பெட்ரோல் எங்கே கரைகிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கண்டெய்னர் டிரெய்லர்களின் வரிசைக்குப் பக்கத்திலும், கொருக்குப்பேட்டையில் ரயில் கேட் திறப்பதற்காக நிற்கும் வண்டிகளுக்கு நடுவிலும், வண்டி நகராமலேயே இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் நேரம்தான் மாதச் செலவில் பெரும்பகுதியை விழுங்குகிறது. அந்த நேரத்தில் இன்ஜினை நிறுத்திவைக்கத் தெரிந்த கார் என்பதால், பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் வடசென்னைக்குப் பொருத்தமானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் பொருத்தமானது என்பதாலேயே அது எல்லோருக்கும் ஆதாயமாகிவிடாது. மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்ற ஒரே கேள்வி, மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக உங்கள் முடிவைத் தீர்மானிக்கும். முதன்முறையாக ஹைபிரிட் வாங்க நினைப்பவர்கள் செய்ய வேண்டியவற்றை, செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே தந்திருக்கிறேன்.

முதலில், எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஷோரூமில் ‘ஹைபிரிட்’ என்று எழுதி ஒட்டப்பட்டிருக்கும் கார்கள் எல்லாம் ஒரே இனம் அல்ல. மைல்டு ஹைபிரிட் என்னும் வகையில் ஒரு சிறிய மோட்டார், இன்ஜினைக் கிளப்பவும் புறப்படும்போது சற்றே தள்ளிவிடவும் உதவுகிறது. அந்த மோட்டாரால் மட்டும் கார் ஓடாது. ‘ஸ்மார்ட் ஹைபிரிட்’ என்ற பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் இவ்வகையே. ஸ்ட்ராங் ஹைபிரிட் என்பது வேறு: இன்ஜின் முழுவதும் அணைந்த நிலையில் மோட்டார் மட்டுமே சக்கரங்களைச் சுழற்றி, குறைந்த வேகத்தில் காரை ஓட்டிச் செல்லும். 2022-ல் வந்த ஹோண்டா சிட்டி ஹைபிரிட், டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ஆகியவற்றின் ஸ்ட்ராங் ஹைபிரிட் மாடல்களும், அவற்றுக்குப் பின் வந்த இன்னோவா ஹைகிராஸ், மாருதி இன்விக்டோ ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவை. ஹைரைடரும் கிராண்ட் விட்டாராவும் இரு வகையிலும் கிடைப்பதால், விலைப்பட்டியலில் எந்த வரியைப் பார்க்கிறோம் என்பதில் கவனம் தேவை. இந்தக் கட்டுரை முழுவதும் ஸ்ட்ராங் ஹைபிரிட்டைப் பற்றியே பேசுகிறது.

இந்தக் கார்களுக்குப் பிளக் கிடையாது; வெளியிலிருந்து சார்ஜ் செய்ய வழியும் இல்லை. பிரேக் பிடிக்கும்போதும் வேகம் குறையும்போதும் வீணாகப் போகும் ஆற்றலை மோட்டார் மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்க்கிறது. போதாதபோது இன்ஜினே சார்ஜ் செய்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் மூன்றாம் மாடியில் குடியிருந்துகொண்டு தெருவோரமாகக் காரை நிறுத்துபவர்கள் ஏராளம்; அவர்கள் ஜன்னல் வழியாக வயரைத் தொங்கவிட்டு மின்சாரக் காருக்குச் சார்ஜ் ஏற்ற முடியாது. சொந்த பார்க்கிங்கும் அதில் பிளக் பாயிண்ட்டும் இருப்பவர் மின்சாரக் காரையும் சேர்த்து ஒப்பிட்டுப் பார்ப்பதே நியாயம். அந்த வசதி இல்லாதவருக்கு ஹைபிரிட்டே நடைமுறைக்கு ஒத்துவரும்.

பேட்டரியின் அளவைப் பற்றியும் ஒரு சொல். ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட் கார்களின் லித்தியம் பேட்டரி சேமித்து வைப்பது 0.76 யூனிட் மின்சாரம். நம் வீட்டு மின் கட்டண அட்டையில் வருகிறதே, அதே யூனிட்தான். முக்கால் யூனிட்டைச் சற்றே தாண்டும் அளவு. இதைத் தெரிந்துகொண்டால் இரண்டு தவறான எண்ணங்கள் ஒரே நேரத்தில் நீங்கும். பெட்ரோலே இல்லாமல் பாரிமுனை வரை போய்விடலாம் என்ற எதிர்பார்ப்பு ஒன்று. பேட்டரி மாற்ற வேண்டி வந்தால் ஒரு மின்சாரக் காரின் பேட்டரி அளவுக்குச் செலவாகும் என்ற அச்சம் மற்றொன்று.

இரண்டாவதாக, நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போடுங்கள்

ஷோரூமுக்குப் போகுமுன் செய்ய வேண்டிய வேலை இது. போன பிறகு செய்தால் கணக்கு தன்னாலேயே வாங்கும் பக்கம் சாய்ந்துவிடும்.

இப்போது வைத்திருக்கும் வண்டியின் ஓடோமீட்டரை மாதத்தின் முதல் நாளிலும் கடைசி நாளிலும் குறித்துக்கொண்டு, உண்மையான மாத ஓட்டத்தைக் கண்டுபிடியுங்கள். மனக்கணக்கில் சொல்லப்படும் எண் பெரும்பாலும் மிகையாகவே இருக்கும். அடுத்து, ஒரே காரின் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் மாடலுக்கும் ஸ்ட்ராங் ஹைபிரிட் மாடலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை எழுதுங்கள். ஹைபிரிட் எல்லாமே ஆட்டோமேட்டிக் என்பதால் கியர் மாடலோடு ஒப்பிடுவது சரியாகாது. பிறகு மைலேஜ். நிறுவனங்கள் விளம்பரப்படுத்தும் எண்கள் சோதனைக்கூடத்தில் எடுக்கப்பட்டவை: கிராண்ட் விட்டாராவுக்கும் ஹைரைடருக்கும் லிட்டருக்கு 27.97 கி.மீ., இன்னோவா ஹைகிராஸுக்கு 23.24 கி.மீ. சோதனைக்கூடத்தில் மே மாத வெயிலும் இல்லை, மூலக்கடைச் சந்திப்பும் இல்லை. ஆகவே கணக்குப் போடும்போது அந்த எண்ணிலிருந்து நான்கில் ஒரு பங்கையாவது கழித்துவிடுவது நல்லது.

எடுத்துக்காட்டாக, ஹைபிரிட் லிட்டருக்கு 20 கி.மீ. தருகிறது என்றும், நெரிசலில் அதே அளவுள்ள பெட்ரோல் ஆட்டோமேட்டிக் 11 கி.மீ. தருகிறது என்றும், பெட்ரோல் விலை கணக்குக்கு எளிதாக 100 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஹைபிரிட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்கு 5 ரூபாய் ஆகிறது. மற்றதற்கு 9 ரூபாய்க்குச் சற்று மேல். மிச்சமாவது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 4 ரூபாய். வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து விலை வித்தியாசம் இரண்டரை லட்சம் என்றால், அந்தப் பணம் திரும்பி வர 61,000 கி.மீ. ஓட்ட வேண்டும். மாதம் 1,000 கி.மீ. ஓட்டுபவருக்கு அது ஐந்து ஆண்டுகளைச் சற்றுத் தாண்டும். மணலியிலிருந்து அம்பத்தூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ தினமும் போய் வருபவர், மாதம் 1,800 கி.மீ. தொட்டால் மூன்று ஆண்டுக்குள் முடித்துவிடுவார். சனி ஞாயிறுகளில் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் காரை எடுத்து மாதம் 500 கி.மீ. ஓட்டுபவருக்குப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். அப்படிப்பட்டவர் வார நாள்களில் விம்கோ நகர் மெட்ரோவைப் பயன்படுத்திக்கொண்டு சாதாரணப் பெட்ரோல் காரை வாங்குவதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. கடனில் வாங்குபவர் அந்த இரண்டரை லட்சத்துக்கான வட்டியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்; பலர் விட்டுவிடும் இடம் அது.

எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதும் கணக்கை மாற்றும். நின்று நின்று போகும் நகரச் சாலையில்தான் ஹைபிரிட்டுக்கு முழு ஆதாயம். ஒரே வேகத்தில் போகும் நெடுஞ்சாலையில் இன்ஜினே பெரும்பாலும் ஓடுவதால் வித்தியாசம் சுருங்கும். மீஞ்சூரிலிருந்து வண்டலூர் வரை வெளிவட்டச் சாலையில் மட்டுமே பயணிப்பவர், எடுத்துக்காட்டில் வைத்த 11 கி.மீ.க்குப் பதிலாகப் பெட்ரோல் காருக்கு இன்னும் உயர்ந்த எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆன்ரோடு விலையைப் பிரித்துக் கேளுங்கள்

2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தின்படி, நான்கு மீட்டருக்கு மேல் நீளமோ 1,200 சிசிக்கு மேல் இன்ஜினோ உள்ள பெட்ரோல் ஹைபிரிட் கார்களுக்கு 40 விழுக்காடு வரி. முன்பு செஸ்ஸையும் சேர்த்து 43 விழுக்காடு இருந்தது. மின்சாரக் காருக்கு 5 விழுக்காடு மட்டுமே. இந்த வரி எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கிவிடுவதால் நம் கண்ணில் படுவதில்லை.

கண்ணில் படுவது ஆயுள் வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, 10 முதல் 20 லட்சம் வரையுள்ள கார்களுக்கு 18 விழுக்காடு, 20 லட்சத்தைத் தாண்டினால் 20 விழுக்காடு. ஹைபிரிட் மாடலுக்கு இரண்டு லட்சம் அதிகம் என்று ஷோரூமில் சொன்னால், அந்த இரண்டு லட்சத்தின் மேல் இன்னொரு 36,000 ரூபாய் வரியாக ஏறும் என்று புரிந்துகொள்ளுங்கள். மேல் மாடல்களில் சிலவற்றின் விலை 20 லட்சத்தை ஒட்டி நிற்கும். 19,90,000 ரூபாய் காருக்கு ஆயுள் வரி 3,58,200 ரூபாய். 20,10,000 ரூபாய் காருக்கு 4,02,000 ரூபாய். சன்ரூஃபுக்காக இருபதாயிரம் கூடக் கொடுக்கிறோம் என்று நினைப்பவர் உண்மையில் அறுபதாயிரத்துக்கு மேல் கொடுக்கிறார். கையெழுத்திடும் நாளில் நடைமுறையில் உள்ள விகிதத்தை உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வதும் நல்லது.

10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஷோரூமில் 1 விழுக்காடு டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குச் செலுத்தும் வருமான வரி) பிடிப்பார்கள். அது செலவு அல்ல; உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்படுவதால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். இன்சூரன்ஸில் மூன்றாம் தரப்புப் பிரீமியத்துக்கு ஹைபிரிட் கார்களுக்கு 7.5 விழுக்காடு தள்ளுபடி 2022-லேயே அறிவிக்கப்பட்டது. விலைப்பட்டியலில் அது கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தேய்மானக் கழிவில்லாத பாலிசியும் இன்ஜின் பாதுகாப்பும் நம் பகுதிக்குக் கட்டாயம் என்றே சொல்வேன். அந்த இன்ஜின் பாதுகாப்பில் ஹைபிரிட் பேட்டரியும் மோட்டாரும் அடங்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில நிறுவனங்கள் அதற்குத் தனி இணைப்பு வைத்திருக்கின்றன. நம்பர் பிளேட் வெள்ளைதான். பச்சை பிளேட் மின்சாரக் கார்களுக்கு மட்டும். முதலாண்டு முடிந்ததும் புகைச் சான்றிதழும் எடுக்க வேண்டும்.

உங்கள் தெருவில் ஓட்டிப் பாருங்கள்

டெஸ்ட் டிரைவை ஷோரூம்காரர் காட்டும் அகலமான சாலையில் முடித்துக்கொள்ளாதீர்கள். மாலை ஆறு மணிக்குமேல் டோல்கேட்டிலிருந்து தங்கசாலை வரை ஓட்டிப் பாருங்கள்; ஏசியை வழக்கமாக வைக்கும் அளவிலேயே வையுங்கள். இன்ஜின் எப்போது அணைகிறது, எப்போது விழிக்கிறது, விழிக்கும்போது அதிர்வு எவ்வளவு என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். ஹைகிராஸின் நீளம் 4,755 மி.மீ. ராயபுரத்துச் சந்துகளில் குடியிருப்பவர் அதை வீட்டுவாசல் வரை ஒருமுறை கொண்டுவந்து திருப்பிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பது நல்லது.

டிக்கியையும் திறந்து பாருங்கள். பேட்டரி பின்புறம் இருக்கும் மாடல்களில் சாமான் வைக்கும் இடம் கணிசமாகக் குறைந்துவிடும். ஹோண்டா சிட்டியில் சாதாரண மாடலுக்கு 506 லிட்டர்; ஹைபிரிட்டுக்கு 306 லிட்டர். ஆடி மாதத்தில் பெரியபாளையத்துக்குப் பொங்கல் வைக்கக் குடும்பத்தோடு பாத்திரம் பண்டங்களை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல.

வாங்கிய பின் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கங்கள்

முதல் பழக்கம், சத்தத்தை நம்பாமலிருப்பது. பட்டனை அழுத்தியதும் ‘ரெடி’ விளக்கு எரிந்தால் கார் தயார். இன்ஜின் சத்தம் வராது. சத்தமில்லை என்பதாலேயே காரை அணைக்க மறந்து இறங்கிவிடுவதும் நடக்கும். அப்படி விட்டால் பேட்டரி குறைந்ததும் இன்ஜின் தானாகவே கிளம்பும். மூடிய ஷெட்டில் அது ஆபத்தானது. ஆகவே இறங்குமுன் ‘ரெடி’ விளக்கு அணைந்ததா என்று பார்ப்பதை வீட்டில் ஓட்டுகிற எல்லோருக்கும் பழக்கிவிடுங்கள். மீன் கூடையோடு சாலையைக் கடப்பவர்களும் நடுத்தெருவில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளும் நிறைந்த காசிமேடு போன்ற இடங்களில், பின்னால் வரும் காரின் சத்தம் அவர்களுக்குக் கேட்காது என்பதை ஓட்டுபவர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, நியூட்ரல் பழக்கம். ரயில் கேட்டிலும் நீண்ட சிக்னலிலும் வண்டியை நியூட்ரலில் போடுவது நம் ஓட்டுநர்களின் கையோடு வந்த வழக்கம். ஹைபிரிட்டில் நியூட்ரலில் இருக்கும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. ஏசி மட்டும் அதைக் குடித்துக்கொண்டிருக்கும். சிறிது நேரமென்றால் ‘டி’யிலேயே (D) பிரேக்கை மிதித்திருங்கள், நெடுநேரமென்றால் பார்க்கிங்குக்கான ‘பி’யில் (P) போடுங்கள். நின்ற நிலையில் ஏசி குளிர்ச்சி குறையாமல் வருவதற்கு அதன் கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவதே காரணம். முக்கால் யூனிட் பேட்டரி என்பதால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இன்ஜின் எழுந்து சார்ஜ் செய்துவிட்டு அணையும். இது கோளாறு அல்ல.

பிரேக்கைப் பிடிக்கும் விதமும் மாற வேண்டும். கடைசி நொடியில் ஓங்கி மிதித்தால் சக்கரத்துப் பிரேக்கே வேலை செய்து ஆற்றல் சூடாக வீணாகும். தூரத்திலிருந்தே மெல்ல அழுத்தினால் அது பேட்டரிக்குப் போகும். மூலக்கடை மேம்பாலத்திலோ எர்ணாவூர் மேம்பாலத்திலோ இறங்கும்போது ‘பி’ (B) எனத் தனியாகக் குறிக்கப்பட்ட பிரேக் நிலை இருந்தால் பயன்படுத்தலாம். பார்க்கிங்குக்கான ‘பி’யோடு அதைக் குழப்பிக்கொள்ளாமல் வண்டியின் கையேட்டைப் படித்துவிடுங்கள். சீரான சாலையில் அது தேவையில்லை.

காலையில் கிளப்பியதும் முதல் சில நிமிடங்கள் இன்ஜின் ஓடத்தான் செய்யும். புகையைச் சுத்திகரிக்கும் பாகம் சூடாக வேண்டும். எனவே வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மார்க்கெட்டுக்கு மட்டும் போய்வந்தால் மைலேஜ் எண் ஏமாற்றமளிக்கும். சிறு வேலைகளை ஒரே சுற்றில் முடித்துக்கொண்டால் எண் ஏறும். திரையில் காட்டும் எண்ணைவிட, ஃபுல் டேங்க் போட்டு அடுத்த ஃபுல் டேங்க் வரை கணக்கிடும் பழைய முறையே நம்பத்தக்கது.

உப்புக்காற்று, தூசி, எலி

சர்வீஸ் செலவில் ஹைபிரிட் பயமுறுத்துவதில்லை. இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மற்ற பெட்ரோல் கார்களைப் போலவே மாற்ற வேண்டும்; ஸ்ட்ராங் ஹைபிரிட்களில் வழக்கமான ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் இல்லாததால் அவற்றின் பழுது இல்லை. பிரேக் பேடுகள் நெடுநாள் வரும். ஆனால் கடலோரத்தில் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. பிரேக் டிஸ்க் அதிகம் உரசாமலிருப்பதால், எண்ணூர், காசிமேடு பகுதிகளின் உப்புக்காற்றில் அதன்மேல் துரு படியும். வாரத்தில் ஓரிரு முறை, பின்னால் வண்டி வராத இடத்தில், சற்று அழுத்தமாகவே பிரேக் பிடித்து அதைத் தேய்த்துவிட வேண்டும். ஒவ்வொரு சர்வீஸிலும் டிஸ்க்கையும் காலிப்பரையும் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

பேட்டரியைக் குளிர்விக்கக் காருக்குள்ளிருந்து காற்றை இழுக்கும் மாடல்களில், அந்தக் காற்றுத் துளை சீட்டுக்கு அருகில் இருக்கும். இடம் மாடலுக்கு மாடல் மாறும். அதன்மேல் துணிப்பையோ செய்தித்தாளோ போடக் கூடாது. லாரிகள் கிளப்பும் தூசியும் அனல்மின் நிலையங்களின் சாம்பலும் கலந்த காற்றில் ஓடும் வண்டிக்கு, அதன் வலையை நிறுவனம் சொல்லும் கால இடைவெளியைவிடச் சற்று முன்னதாகவே சுத்தம் செய்ய வேண்டும். பேட்டரி சூடானால் இன்ஜின் அடிக்கடி ஓடும், மைலேஜ் குறையும்.

எலி இன்னொரு செலவு. தெருவோரமாக நிறுத்தும் காரில் எலி வயரைக் கடித்தால் சாதாரணக் காருக்கு ஆகும் செலவு வேறு, இதற்கு ஆகும் செலவு வேறு. பானெட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் தெரியும் கேபிள்கள் உயர் மின்னழுத்தம் பாய்பவை. கடிபட்டிருந்தாலும் தெருமுனை மெக்கானிக்கைத் தொடவிடாதீர்கள். மற்ற வேலைகளில் அவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் சரியே.

பல நாள் எடுக்காமல் நிறுத்தினால் முதலில் இறங்குவது பெரிய பேட்டரி அல்ல, சாதாரண 12 வோல்ட் பேட்டரிதான். அது இறங்கினால் கார் ‘ரெடி’ நிலைக்கே வராது. வேறு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுத்து எழுப்பலாம். ஆனால் உங்கள் ஹைபிரிட்டிலிருந்து அடுத்தவர் வண்டிக்கு ஜம்ப் கொடுக்காதீர்கள். ஊருக்குப் போகும்போது வாரம் ஒருமுறையாவது ‘ரெடி’யில் சற்று நேரம் வைக்க யாரிடமாவது சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பெரிய பேட்டரிக்கு டொயோட்டா, மாருதி, ஹோண்டா மூன்றும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் தருகின்றன. சர்வீஸ் பதிவேடு இடைவெளியின்றி இருந்தால்தான் அந்த உத்தரவாதத்தைக் கேட்டுப் பெறும்போது சிக்கல் வராது. பழைய ஹைபிரிட் வாங்குபவரும் இதே பதிவேட்டையும், நிறுவன சர்வீஸ் மையம் தரும் பேட்டரி பரிசோதனை அறிக்கையையும் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

மழைக்காலம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னை எப்படி இருந்தது என்பதை இங்கிருப்பவர்கள் மறக்கவில்லை. அக்டோபர் பிறந்ததும், தண்ணீர் தேங்காத ஓர் இடத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வையுங்கள்; மேம்பாலத்தின் மேல் நிறுத்துவதை நம்பியிருக்காதீர்கள், அங்கே இடம் பிடிக்க எல்லோரும் ஓடுவார்கள். கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் தண்ணீர் நின்றால், முன்னால் போன லாரி கடந்துவிட்டது என்பதற்காக நீங்களும் இறங்காதீர்கள். இன்ஜின் அணைந்து மோட்டாரில் ஓடும் காருக்கு வெள்ளம் ஒன்றும் செய்யாது என்பது தவறு. தேவைப்பட்டதும் இன்ஜின் கிளம்பும், அந்த நேரத்தில் தண்ணீரை உறிஞ்சும்.

நின்றிருந்த காருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பட்டனை அழுத்திப் பார்க்கவே வேண்டாம். சீட்டில் எந்த மட்டம் வரை தண்ணீர் ஏறியது என்பது தெரியும்படி புகைப்படம் எடுத்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு முதலில் தெரிவியுங்கள். இழுத்துச் செல்ல வரும் வண்டியைக் கூப்பிடும்போதே ஹைபிரிட் என்று சொல்லி, காரை முழுவதுமாக மேலே ஏற்றிச் செல்லும் தட்டையான மேடை வண்டியைக் கேளுங்கள். முன்சக்கரங்கள் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுத்தால் சக்கரத்தோடு சேர்ந்து மோட்டாரும் சுழன்று மின்சாரத்தை உண்டாக்கி, தண்ணீரால் கெட்டதைவிடப் பெரிய பழுதை உண்டாக்கிவிடும்.